கல்குழி தோண்டுமுன் ஊர் அறிய வேண்டியவை

கிராம முன்னேற்றத்திற்குக் கல் வேண்டும். சாலை அமைக்க ஜல்லி வேண்டும். பள்ளிக் கட்டடத்திற்குக் கடைக்கால் வேண்டும். தடுப்பணைக்கும் மேல்நிலை நீர்த்தொட்டிக்கும் குடியிருப்பு வீடுகளுக்கும் கல்லும் மணலும் வேண்டும். ஆற்று மணல் அருகிவிட்ட இந்நாளில், கருங்கல்லையே பொடித்து 'எம்-சாண்ட்' என்னும் பெயரில் மணலுக்கு மாற்றாகப் பயன்படுத்துகிறோம். ஆகவே, கல்லே எடுக்கலாகாது என்று கூறுவாரோடு இக்கட்டுரை உடன்படாது. கல் எடுத்த ஊர் பின்னர் என்னவாயிற்று என்று திரும்பியும் பாராதவரோடும் உடன்படாது. நகரத்தில் பாலம் எழும்புகிறது; அதற்குக் கல் கொடுத்த ஊரில் கிணறு வற்றுகிறது, சுவர் வெடிக்கிறது, கைவிடப்பட்ட குழியில் நீச்சல் பழகப்போன சிறுவன் மூழ்கிப் போகிறான். ஒரே கணக்கின் வரவு ஓரிடத்திலும் செலவு வேறோரிடத்திலும் எழுதப்படுவது முறையாகுமா?

இச்செலவைக் குறைக்க வழி உண்டு. ஆயின் அவ்வழி, குழி தோண்டிய பின் நம் கைக்கு எட்டுவதில்லை. குழி எவ்வளவு ஆழம் போகும், அதன் சுவர் செங்குத்தாக நிற்குமா படிபடியாக இறங்குமா, மேல்மண் எங்கே சேமிக்கப்படும், ஊறும் நீரை எங்கே விடுவார்கள், கல் தீர்ந்தபின் குழி யாது ஆகும் என்பன எல்லாம் முதல் வெடி வைப்பதற்கு முன்பே தாளில் எழுதப்பட்டு விடுகின்றன. அத்தாளை ஊரார் படிப்பதில்லை. வெடிச்சத்தம் கேட்ட பிறகே கிராம சபையில் பேச்சு எழுகிறது. இந்தத் தாமதமே பெருங்கேடு என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அந்தத் தாள்கள் யாவை என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் கருங்கல், சரளை, கிராவல் போன்றவை சிறுகனிமங்கள் எனப்படும். 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி இவற்றுக்குக் குத்தகை வழங்கப்படுகிறது. குத்தகைதாரர் சுரங்கத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் ஒப்புதலைப் பெறவேண்டும். குழியின் வரைபடமும், ஆண்டுதோறும் எடுக்கப்படும் அளவும், இறுதியில் நிலத்தை விட்டுச் செல்லும் நிலையும் அதில் இருக்கும். அடுத்தது சுற்றுச்சூழல் அனுமதி. முற்காலத்தில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குத்தகைகள் இவ்வனுமதியின்றியே நடந்து வந்தன. பெரும்பரப்பைச் சிறு துண்டுகளாக்கிக் குத்தகை பெறும் வழக்கமும் தோன்றியது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தீபக் குமார் என்பார் அரியானா மாநிலத்தின்மீது தொடுத்த வழக்கில், சிறு குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று ஆணையிட்டது. பின்னர் 2016ஆம் ஆண்டின் திருத்தம், ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் உள்ள குழிகளை ஒரு தொகுப்பாகக் கொண்டு மொத்தப் பரப்பைக் கணக்கிடுமாறு செய்தது. இது நியாயமான ஏற்பாடு. கிணற்றுக்குத் தெரிவது நீர் இறங்குகிறது என்பது மட்டுமே. குத்தகை யார் பெயரில் உள்ளது என்பது அதற்குத் தெரியாது.

தூரம் பற்றிய விதி ஒன்றையும் ஊராட்சி உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மேற்சொன்ன 1959ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்கு 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை வழங்கலாகாது. குடியிருப்பு என்பது வருவாய்க் கணக்கில் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ பதிவான இடத்தையும், உரிய அமைப்பினால் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவையும் குறிக்கும். எனவே புறம்போக்கில் நெடுங்காலமாகக் குடிசை போட்டு வாழும் ஏழை மக்கள், கண்ணெதிரே குடியிருந்தும் கணக்கில் இல்லாதவர்களாகி விடக்கூடும். பட்டா இல்லாத குடியிருப்புகளை முறைப்படுத்தக் கோரும் மனுக்களை ஊராட்சி காலத்தே அனுப்பி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, நீரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறையின்மேல் அமைந்தது. இப்பாறையின் உடலில் நீர் தங்குவதில்லை. மேலே சிதைந்து பொடியான பகுதியிலும், கீழே பாறையைப் பிளந்து ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே அது தங்கும். கிணறு வெட்டுவோர் ஊற்றுக்கண் என்று சொல்வது இவ்வெடிப்பின் வாயையே ஆகும். கல்குழி நீர்மட்டத்திற்குக் கீழே இறங்கும்போது, சுற்றுப்புறத்து நீர் தாழ்ந்த இடத்தை நாடிக் குழிக்குள் வடிகிறது. வேலை நடக்க வேண்டுமானால் அந்நீரை இரவும் பகலும் இறைத்துக் கொட்ட வேண்டும். ஊர்க் கிணறுகள் அனைத்தையும்விட ஆழமான ஒரு கிணறு, ஓய்வின்றி இறைக்கப்படுவதை ஒக்கும் இது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மணற்பாங்கான நிலத்தில், குழிக்கு அருகிலுள்ள கிணறு முதலிலும் தொலைவிலுள்ளது பின்னரும் வற்றும். கடினப் பாறையில் இவ்வொழுங்கு இல்லை. குழியை ஒட்டிய கிணற்றில் தண்ணீர் குறையாமல் நிற்க, அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணறு ஒரே பருவத்தில் வறண்டு போகலாம். இரண்டாவது கிணற்றின் ஊற்றுக்கண்ணும் குழியும் ஒரே வெடிப்பின்மேல் அமைந்திருப்பதே காரணம். "பக்கத்துக் கிணற்றிலேயே தண்ணீர் இருக்கிறதே, உமது கிணறு எங்ஙனம் எங்களால் வற்றியிருக்கும்?" என்று குத்தகைதாரர் கேட்கும்போது உழவர் வாயடைத்து நிற்பது இதனாலேயே. கிணற்றுக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம். மழை பொய்த்ததாலும் இருக்கலாம். சான்று இல்லாத இடத்தில் வலியவர் சொல்லே எடுபடும்.

அச்சான்றை ஊரே உண்டாக்கிக் கொள்ளலாம். இதற்குப் பெரிய பொறி எதுவும் வேண்டுவதில்லை. ஓர் அளவு நாடாவும், ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுமையுள்ள ஓர் ஆளும் போதும். குழி வரவிருக்கும் இடத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலுமாகப் பத்துப் பன்னிரண்டு கிணறுகளைத் தேர்ந்து கொள்க. ஒவ்வொன்றின் கைப்பிடிச் சுவரிலும் வண்ணத்தால் ஒரு குறியிடுக. மாதம் ஒருமுறை, குறித்த நாளில், விடியற்காலையில் மின்மோட்டார் ஓடத் தொடங்குமுன், அக்குறியிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதுக. மோட்டார் ஓடிய கிணற்றை நண்பகலில் அளந்தால் கணக்குப் பிழைபடும். இவற்றோடு, குழியிலிருந்து வெகு தொலைவில், அதே மழை பெய்யும் பகுதியில் உள்ள இரண்டு மூன்று கிணறுகளையும் சேர்த்து அளப்பது மிக அவசியம். இவற்றை ஒப்புக் கிணறுகள் என்று அழைக்கலாம்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். குழி தோண்டுமுன், கோடையில் ஒரு கிணற்றின் நீர்மட்டம் 9 மீட்டர் ஆழத்தில் இருந்தது என்று கொள்வோம். குழி தோண்டிய மூன்றாம் ஆண்டுக் கோடையில் அது 14 மீட்டருக்குப் போய்விட்டது. இறக்கம் 5 மீட்டர். அதே காலத்தில் ஒப்புக் கிணறுகளின் இறக்கம் சராசரி 1 மீட்டரே. அந்த 1 மீட்டர் மழைக்குறைவால் நேர்ந்தது எனக் கழித்து விட்டால், எஞ்சிய 4 மீட்டருக்குக் காரணம் கேட்க ஊருக்கு உரிமை உண்டு. ஒப்புக் கிணறுகளிலும் 5 மீட்டர் இறங்கியிருந்தால், குழியின்மேல் பழி சுமத்துவது நேர்மையன்று. கணக்கு இரு பக்கமும் பேசும். அதனாலேயே அதற்கு மதிப்பு. பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் ஒருவர் மேல்நிலை வகுப்பு மாணவரைக் கொண்டு இவ்வளவையை நடத்தினால் அது நல்ல பாடமாகவும் அமையும். குறைந்தது குழி தொடங்குவதற்கு ஓராண்டு முன்னரே இது தொடங்கியாக வேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

குழியிலிருந்து இறைக்கும் நீரைச் சாலையோரத்தில் விட்டு வீணாக்குவதைப் பல இடங்களில் காண்கிறோம். அதை ஒரு தொட்டியில் தேக்கி, பாறைத்தூள் அடியில் படிந்த பின், தெளிந்த நீரை ஏரிக்கோ கண்மாய்க்கோ விடலாம். தூளோடு விட்டால் அது ஏரியின் அடியில் மெழுகியதுபோல் படிந்து, நீர் நிலத்துள் இறங்குவதைத் தடுக்கும். இந்த ஏற்பாடும் திட்டத்தாளில் முன்னரே இடம்பெற வேண்டும்.

அடுத்தது குழியின் வடிவம். கல் மிகுதியாகக் கிடைக்க வேண்டுமென்று சுவரைச் செங்குத்தாக வெட்டுவோர் உண்டு. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் 1961இல் வகுக்கப்பட்ட உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், திறந்த குழிகளைப் படிபடியாகவே வெட்ட வேண்டும் என்று விதித்தன. கெட்டிப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தன. தொழிலாளியின் தலைமேல் பாறை சரியாதிருக்கவே இவ்விதி ஏற்பட்டது. ஆயினும் அதன் பயன் தொழிலாளியோடு முடிவதில்லை. கல் எடுத்து முடிந்ததும் குழியில் மழைநீர் நிரம்புகிறது. செங்குத்துச் சுவருடைய குழியில் தவறி விழுந்த ஆடு மாடும், குளிக்க இறங்கிய பிள்ளையும், கால் ஊன்ற இடமின்றி மாண்டு போகின்றன. கோடை விடுமுறை தோறும் இத்தகைய செய்தி நாளிதழில் வராத ஆண்டு இல்லை. படிபடியாக வெட்டிய குழியிலோ நீரின் விளிம்பில் ஏறி வர இடம் இருக்கும். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டியவையே. ஆயினும் முள்வேலி ஐந்தாறு ஆண்டுகளில் காணாமற் போகும்; பாறைப்படி போகாது.

நீர் நிரம்பிய குழி வெறும் ஆபத்து என்றே கருதுதலும் தவறு. 2017இல் சென்னை நகரம் கடும் வறட்சிக்கு உள்ளானபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த கல்குவாரிகளின் நீரைக் குடிநீர் வாரியம் எடுத்துச் சுத்திகரித்து மக்களுக்கு வழங்கியது. 2019ஆம் ஆண்டு வறட்சியிலும் அக்குழிகள் கைகொடுத்தன. ஆழம் மிகுந்து பரப்புக் குறைந்த குழியில், அகன்று ஆழமற்ற ஏரியைக் காட்டிலும் வெயிலில் ஆவியாகும் நீர் குறைவு. ஒவ்வோர் ஊரும் இதைப் பின்பற்றலாம் என்று உடனே துள்ளி எழவும் வேண்டாம். குப்பை கொட்டப்பட்ட குழி இதற்கு உதவாது. நீரை ஆய்வு செய்யாமல் பருகக் கொடுப்பதும் கூடாது. பாதுகாப்பான இறங்குவழி, மழைநீர் வந்து சேரும் வாய்க்கால், குப்பை வண்டி நுழையாதபடி காவல் ஆகிய மூன்றும் அமைந்தால், குழி ஊருக்கு ஒரு நீர்ச்சேமிப்பு ஆகும். அமையாவிட்டால் அது அயலூர்க் கழிவுகளின் கிடங்காகும்.

மேல்மண்ணைப் பற்றி உழவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அங்குல மண் உருவாக இயற்கைக்கு நூற்றாண்டுகள் பிடிக்கும். அதை முதலில் தனியே வழித்தெடுத்து, உயரமில்லாத குவியலாக வைத்து, கொளுஞ்சியோ சணப்போ விதைத்து உயிருடன் காக்க வேண்டும். கழிவுக் கல்லோடு கலந்து விட்டால் பின்னர் பிரிக்க இயலாது. மரம் நடுவதற்கென்று வேறோர் ஊரின் வண்டல் மண்ணை வாங்க நேரிடும்.

தூசு என்றதும் நாம் இலைமேல் படியும் வெண்பொடியை எண்ணுகிறோம். அதுவும் பயிருக்குக் கேடே. ஆயினும் உயிர்கொல்லும் தூசு கண்ணுக்குத் தெரியாதது. கருங்கல்லில் சிலிக்கா என்னும் பொருள் மிகுதி. துளையிடும்போதும் கிரஷரில் அரைக்கும்போதும் அதன் நுண்துகள்கள் காற்றில் கலக்கின்றன. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கினும் சிறிய இத்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கித் தழும்பை உண்டாக்குகின்றன. இந்நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இருமலும் மூச்சுத் திணறலும் உடல் மெலிவும் காணப்படுவதால் பலமுறை இது காசநோய் என்றே கருதப்பட்டு, மாதக்கணக்கில் பயனற்ற மருந்து தரப்படுகிறது. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் பற்றுவதும் உண்மையாதலால் குழப்பம் மேலும் கூடுகிறது. எனவே, நோயாளி கல்லுடைக்கும் தொழில் செய்பவர் என்பதை மருத்துவரிடம் தவறாது சொல்ல வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் இவ்வொரு செய்தியைக் குறிப்பேட்டில் எழுதி அனுப்பினாலே பெரும் உதவியாகும். இராசத்தான் மாநிலம் இந்நோய்க்கென 2019இல் தனிக் கொள்கையே வகுத்து, நோயுற்றாருக்கு உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தது.

முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வது இத்துகளைத் தடுக்காது. தூசு பிறக்கும் இடத்திலேயே அதை அடக்குவதுதான் வழி. நீர் பாய்ச்சிக்கொண்டே துளையிடும் கருவி, கிரஷரின் வாயில் நீர்த்தூவி, அரைவைப் பகுதியைச் சுற்றித் தகடடித்த கூண்டு ஆகிய இவை யாவும் புதியன அல்ல. வாங்கி வைத்துவிட்டு, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் இயக்குவோரும் இருக்கிறார்கள். நீர்த்தூவி ஓடுகிறதா என்பதைச் சாலையில் நின்று பார்த்தே எவரும் சொல்லிவிடலாம்.

வெடியால் வீடு அதிர்வதைக் குறித்தும் ஒரு சொல். ஒரே நொடியில் எல்லாத் துளைகளும் வெடித்தால் அதிர்வு மிகும். நொடியின் சிறு சிறு பகுதிகளாக இடைவெளி விட்டு அடுத்தடுத்து வெடிக்கச் செய்தால் அதிர்வு வெகுவாகக் குறையும். இதற்கான தோட்டாக்கள் கடைப்பொருளே. சுவரில் விரிசல் வெடியால் வந்ததா என்ற வழக்கைத் தவிர்க்க, குழி தொடங்குமுன் அருகிலுள்ள வீடுகளின் சுவர்களைத் தேதியுடன் படமெடுத்து வைப்பது நலம். லாரிகள் பள்ளிக்கூடம் தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் ஊருக்குள் வாராதிருக்கவும், தார்ப்பாய் மூடி வரவும் ஊராட்சி முன்கூட்டியே எழுத்து மூலம் உறுதி பெறலாம்.

இதுகாறும் நிலத்தையும் நீரையும் பேசினோம். கல்லுடைக்கும் மக்களின் வாழ்வு தனியே நோக்கத் தக்கது. முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு குழியருகே கொட்டகையில் அடைபட்டுக் கிடக்கும் நிலை, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரிய முயற்சி நடந்தது. குத்தகைதாரரிடம் கூலிக்கு உழன்ற பெண்களைக் குழுக்களாக அமைத்து, கல்குவாரிகளை அவர்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தது அரசு. அதே காலத்தில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. கல்லுடைத்த கைகள் எழுதுகோலும் பிடித்தன, மிதிவண்டியும் ஓட்டின. தம் பெயரில் குத்தகை உள்ள பெண், லாரியில் ஏறும் அளவைத் தானே கணக்கிட வேண்டியவள் ஆகிறாள். எழுத்தறிவு அவளுக்கு அலங்காரமாக இருக்கவில்லை. இயந்திரமும் பெருமுதலும் புகுந்துவிட்ட இன்றைய தொழிலில் அம்முறையை அப்படியே கொண்டுவருதல் எளிதன்று. ஆயினும் கல்லின் வருவாயில் உழைப்போருக்கு உரிய பங்கு உண்டு என்ற கொள்கைக்கு அது நல்ல சான்றாகும்.

வருவாய் என்று சொல்லும்போது மற்றொன்றும் வருகிறது. சிறுகனிம வருவாயில் ஊராட்சிகளுக்கும் பங்கு உண்டு. 2015இல் மத்தியச் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்கென மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்க வழி செய்யப்பட்டது. குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் முதலியவை இந்நிதியில் முதலிடம் பெற வேண்டியவை. ஆனால் தொகை வந்ததும் நுழைவாயில் வளைவு கட்டும் ஆசை சிலருக்குத் தோன்றி விடுகிறது! தூசு தின்ற தெருவிற்கு மருத்துவ முகாமும், கிணறு வற்றிய பகுதிக்குக் குடிநீர்க் குழாயும் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவதே முறை.

கிராம சபையின் சொல்லுக்கு வலு உண்டா என்று ஐயுறுவோர் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டம் எழுந்தபோது, அங்கு வாழும் டோங்கிரியா கோந்து பழங்குடியினரின் வழிபாட்டு உரிமை முதலியவற்றைக் கிராம சபைகளே முடிவு செய்ய வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன; 2014 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. இத்தீர்ப்பு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை அடியொற்றியது. சமவெளியில் உள்ள ஊரின் கிராம சபைக்கு அத்தகைய தடுப்புரிமை இருப்பதாக எண்ணி ஏமாறுதல் வேண்டா. நம் ஊர்களுக்கு வேறொரு வாயில் திறந்திருக்கிறது. அதுவே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 5 முதல் 25 ஹெக்டேர் வரையுள்ள சிறுகனிமக் குத்தகைகளுக்கும் இக்கூட்டமும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018இல் கூறியது.

இக்கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டும். மாவட்ட ஆட்சியரோ அவரால் அனுப்பப்படும் உயர் அலுவலரோ முன்னிருப்பர். நாளிதழில் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வரும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். அந்த 30 நாளில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து சுருக்கத்தை உரக்கப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. ஊரின் ஏரியும் ஓடையும் கோயிலும் பள்ளியும் வரைபடத்தில் உரிய இடத்தில் உள்ளனவா? கிணறுகளின் எண்ணிக்கை சரியா? நீர்மட்டம் என்று அதில் கண்ட ஆழம் நமது பதிவேட்டோடு ஒத்துப் போகிறதா? குழியின் இறுதி ஆழம் அம்மட்டத்திற்கு மேலா, கீழா? கல் முடிந்தபின் குழி யார் பொறுப்பு? இக்கேள்விகளை எழுத்திலும் கொடுக்கலாம், வாயாலும் கேட்கலாம். இக்கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற வரையறை இல்லை. ஆதலால் ஊரார் கோபித்துக்கொண்டு வாராதிருந்தால் கூட்டம் நின்றுவிடாது. நமது சொல் மட்டுமே நின்றுபோகும்.

கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பு உள்ளூர் மொழியில் விளக்கிப் படிக்கப்பட வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் விதி. பேசி முடித்ததும் எழுந்து போய்விடாமல் அதுவரை காத்திருந்து, தாம் சொன்னது அதில் ஏறியிருக்கிறதா என்று கேட்டறிந்து, விடுபட்டிருந்தால் கையொப்பமிடுமுன் சேர்க்கச் சொல்ல வேண்டும். அக்குறிப்பு பின்னர் ஊராட்சி அலுவலகத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதில் ஒரு நகல் எடுத்து, கிணற்றுப் பதிவேட்டோடு சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்க.